விஜயம்மாவின் அடுக்களை

கொச்சியிலிருந்து அழைப்பு வந்தபோது ஜிஜா வீட்டு கேட்டருகே நின்று சாளை மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் சட்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். பேசியவன் அகிலேஷ். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆள் சேர்த்து வைத்திருப்பவர்களைக் கம்பெனிகளோடு கோத்துவிடுகிற ஏஜென்சியில் அவனுக்கு வேலை. இரண்டு மாதமாக மெயிலில் மட்டும் இருந்தவனின் குரலை அன்றுதான் முதலில் கேட்டாள். மசாலாக் கம்பெனிக்கு அவளைப் பிடித்துவிட்டது என்றான். மூன்று மாத ஒப்பந்தம், மாதம் இரண்டு வீடியோ, முதல் வீடியோவுக்கு அவர்களே கேமராவோடு வருவார்கள். ஒரே ஒரு காரியம் என்று மலையாளத்தில் இழுத்தான். அந்த அடுக்களை அப்படியே இருக்க வேண்டும். கரி பிடித்த சுவர், கல் அடுப்பு, ஓட்டு இடுக்கில் விழுகிற வெளிச்சம், எதிலும் கை வைக்கக் கூடாது. அவளைவிட அதிகம் ஆட்களைச் சேர்த்தவர்கள் வேறு பத்துப் பேர் இருந்தும் கம்பெனி அவளிடம் வந்ததற்கு அந்த அடுக்களைதான் காரணம்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டி ஆட்டோ மெயின் ரோட்டிலிருந்து இறங்கிப் பக்கத்து வீட்டுத் தென்னை விளைக்குள் திரும்பியது. அதற்கு முன்னால் அந்த வீட்டு விஜயம்மா, சாமி எழுந்தருளும்போது முன்னால் நடக்கிறவளைப் போல, கல்லையும் வேரையும் காட்டி வழி சொல்லிக்கொண்டு நடந்தாள். வண்டி நிறைய டைல்ஸ் பெட்டிகள். ஜிஜாவைக் கண்டதும் அவள் முகம் முழுக்கச் சிரித்தது.

"மக்கா, இஞ்ச வந்து பாரு. நீலப் பூவு போட்டதாக்கும். அடுக்களைக்கு."

மீன்காரன் சட்டியில் சாளையைக் கொட்டினான். அகிலேஷ் போனில் காத்திருந்தான்.

"ஒண்ணும் மாறாது," என்றாள் ஜிஜா.

அந்த அடுக்களை விஜயம்மாவினுடையது. ஜிஜாவின் அடுக்களையில் கிரானைட் பலகையும் புகைபோக்கியும் உண்டு. விழிஞ்ஞம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற அவள் கணவன் நிஜின், கல்யாணமான இரண்டாம் வருஷம் ஆசைப்பட்டுக் கட்டியது. பாறசாலையில் அவள் வேலை பார்த்த லேப் மூடிப்போன பிறகு, அந்தப் பலகையின் மேல்தான் சேனலைத் தொடங்கினாள். கேக் செய்தாள், பிரியாணி செய்தாள். எண்ணெய் பாட்டிலின் பெயர் கேமராவைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்தாள். வீடியோவுக்குக் கீழே அந்தக் கம்பெனிகளின் பெயரையெல்லாம் கோத்துவிட்டாள். எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தது இருநூறு பேர், அதிலும் பாதி அவள் போகிற தேவாலயச் சபையிலுள்ளவர்கள். ஒட்டாத தோசைக்கல் ஒன்றும் நைட்டி இரண்டும் மட்டும் இலவசமாக வந்தன. அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சுற்றிக் காட்டிய வீடியோவை அவளே பிறகு அழித்துவிட்டாள்.

ஒருநாள் மரச்சீனிக் கிழங்கு பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு விஜயம்மா வீட்டுக்கு ஓடினாள். விஜயம்மாவின் மகள் ஷீஜா, பாறசாலையில் துணிக்கடையில் பில் போடுகிறவள், அன்று வீட்டில் இருந்தாள். விளையாட்டாகப் போனை எடுத்துப் படம் பிடித்தாள். விறகுப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜிஜா சிரித்தாள். "இது எங்க மாமிக்க அடுப்பாக்கும்," என்றாள். அக்கம்பக்கத்து மூத்த பெண்ணை மாமி என்பது அந்த ஊர்ப் பழக்கம், அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் மாமியார் என்று எடுத்துக்கொண்டார்கள். நான்கு நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். துபாயிலிருந்து ஒருவர் இந்தச் சுவரைப் பார்த்து அழுதேன் என்று எழுதினார். இவ்வளவு எளிய வீட்டில் இவ்வளவு சந்தோஷமா என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அதற்கு மட்டும் பதில் போட வேண்டும் என்று ஜிஜா இரண்டு நாள் நினைத்தாள். மூன்றாம் நாள் அதற்கும் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

அப்புறம் எல்லா வீடியோவும் அங்கேயே. விஜயம்மா விறகை உலர்த்தி வைப்பாள், தேங்காய் திருவி வைப்பாள். கேமரா ஓடும்போது தாவணி போட்ட பெண்ணைப் போல வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்கு அப்பால் நிற்பாள். ஷீஜாதான் போனைப் பிடிப்பாள். கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டிய அறிமுகப் பக்கங்களையும் அவள்தான் போனிலேயே அழகாகச் செய்துகொடுத்தாள். எத்தனை பேர் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று வட்டமும் கட்டமுமாக. முதல் பக்கத்தில் அடுப்பின் படம். நிஜின் ஒருமுறை, "நான் கெட்டின அடுக்களையை ஒருத்தனுக்கும் காட்டப்பிடாதா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவளும் சிரித்தாள்.

சாளையை வெட்டிக் கழுவி வைத்துவிட்டு ஜிஜா பக்கத்து வீட்டுக்குப் போனாள். டைல்ஸ் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியைப் பிரித்து ஒற்றை டைலை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் விஜயம்மா. உதியங்குளங்கரை கடைக்கு மூன்று தடவை போய்த் தேர்ந்தெடுத்தது. திங்கட்கிழமை கொத்தன் கனகதாஸ் வருவான். சுவரை இடித்து ஜன்னலைப் பெரிதாக்கி, புகையில்லாத அடுப்பு வைத்து, மேலே டைல்ஸ். அவள் இருமலுக்கு மருந்து எழுதிய டாக்டரம்மா முதலில் அடுப்பை மாற்றச் சொல்லி வருஷம் ஒன்றாகிறது.

ஜிஜா சுற்றி வளைத்துப் பேசினாள். கம்பெனி, மூன்று மாதம், இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தானே இத்தனை நாள் மெனக்கெட்டது. பேசப் பேச அவளுக்கே தன் குரல் தேன் தடவியதுபோல் கேட்டது. விஜயம்மா டைலின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பம் இடிக்காண்டாம்னு சொல்லுதியா?"

"மூணு மாசம் மட்டும் மாமி. பெறவு நானே கனகதாஸ் அண்ணனக் கூட்டிட்டு வாறேன்."

வெளியே நாற்காலியில் விஜயம்மாவின் கணவர் தாணு இருந்தார். அம்பூரியில் முப்பது வருஷம் ரப்பர் வெட்டி முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருப்பவர். அவர் தொண்டையைச் செருமினார். விஜயம்மா டைலைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். நடுவில் காகிதம் வைத்து, பூ கீறிவிடாமல்.

"உனக்க காரியம் நடக்கட்டு மக்கா. முப்பது வருஷம் புகையில கெடந்தாச்சு, மூணு மாசத்துல என்ன ஆவப்போவுது."

திங்கட்கிழமை வந்த கனகதாஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அம்பூரியில் பெரிய வேலை ஒன்று நிற்கிறது, போனால் ஓணம் கழிந்துதான் வருவேன் என்று சொல்லிச் சாந்துக் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை கேமராக்காரர்கள் வந்தார்கள். அகிலேஷ், விளக்கு பிடிக்கிற இரண்டு பேர், கம்பெனியிலிருந்து குட்டை முடி வைத்த ஒரு பெண். விஜயம்மா முந்தின நாள் முழுக்க அடுக்களையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். எட்டுகிற வரை சுவர்க்கரியைச் சுரண்டி, மசாலா டப்பா வைக்கிற பலகைக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டி, கோயில் உற்சவத்துக்குக் கட்டுகிற, ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவையைக் கட்டியிருந்தாள். உள்ளே வந்த அகிலேஷுக்கு முகம் சுருங்கியது. படத்தில் பார்த்த சுவர் இது இல்லையே என்றான். விளக்குக்காரன் ஒருவன் அடுப்பிலிருந்து கரியை அள்ளித் தண்ணீரில் குழைத்துச் சுவரில் பூசினான். பிளாஸ்டிக் விரிப்பைப் பிய்த்தார்கள். ஒட்டிய இடம் பலகையோடு கொஞ்சம் உரிந்து வந்தது. விஜயம்மா கதவருகே நின்று, தன் வீட்டுச் சுவரில் யாரோ கரி பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுகிறது என்று அகிலேஷ் அவளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னான். தள்ளி நின்றாள். இன்னும் கொஞ்சம் என்றான். முற்றத்துக்கு இறங்கினாள்.

ஜிஜாவுக்கு எழுதிக் கொடுத்திருந்த வாக்கியம் ஒன்று உண்டு. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த அடுப்பில்தான் சமைக்கிறேன், என் கையின் ருசிக்கு இந்த அடுப்பும் இந்த மசாலாவும்தான் காரணம். அதை ஏழு தடவை சொன்னாள். ஏழாவது தடவை கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால். கம்பெனிப் பெண் கைதட்டினாள்.

அப்போது விஜயம்மா எல்லோருக்கும் டம்ளர்களில் சாயை கொண்டுவந்தாள். கம்பெனிப் பெண் ஒன்றை எடுத்துக்கொண்டு, நல்ல விதமாகத்தான், இந்தச் சேச்சி யார் என்று மலையாளத்தில் கேட்டாள்.

"வேலைக்கு வருகிறவர்," என்று ஜிஜாவும் மலையாளத்தில் சொன்னாள்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் பேசுகிற தமிழில் கேட்டிருந்தால் அது நாக்கை விட்டு இறங்கியிருக்காது என்று பிறகு பலநாள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஊரில் இரண்டு பேச்சும் எல்லோருக்கும் ஒன்றுபோலப் புரியும். தட்டு விஜயம்மாவின் கையில் அசையவே இல்லை. அடுத்த ஆளுக்கு நீட்டினாள். வீடு எங்கே என்று கம்பெனிப் பெண் மறுபடியும் கேட்டபோது, ரப்பர் மரங்கள் மட்டும் நிற்கிற பக்கத்தைக் கைகாட்டினாள்.

"அங்ஙோட்டாணு மேடம்," என்றாள். பிறகு இனிப்புப் போதுமா என்று கேட்டாள், "சாயைக்கு மதுரம் மதியோ?"

போகும்போது கம்பெனிப் பெண் மசாலாப் பாக்கெட்டுகள் நிறைந்த பெட்டி ஒன்றை விஜயம்மாவின் கையில் கொடுத்தாள். விஜயம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து கும்பிட்டாள். அவள் யாரையும் அப்படிக் கும்பிட்டு ஜிஜா பார்த்ததில்லை. வேலைக்கு நிற்கிறவள் எப்படிக் கும்பிடுவாள் என்று யோசித்து, குறை வராமல் செய்ததுபோல் இருந்தது.

வண்டி போன பிறகு ஜிஜா முற்றத்திலேயே நின்றாள். விஜயம்மா புடவையைச் செருகிக்கொண்டு பூசிய கரியைத் தேங்காய்ச் சவுரி நாரால் தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.

"மாமி, நான் அப்பம், வாயில என்ன வந்துதுண்ணு..."

"போவட்டு மக்கா. கேமராக்க முன்ன எல்லாம் அப்படித்தானே." தேய்க்கிற கை நின்றது, இருமினாள், மறுபடி தேய்த்தாள். "நீ போய் வல்லதும் தின்னு. காலத்தே ஒண்ணும் தின்னல்லியே."

ஏசியிருந்தால் அழுது காலைப் பிடித்திருக்கலாம். ஜிஜா வீட்டுக்கு வந்து கிரானைட் பலகையில் சாய்ந்து நின்றாள். அன்றுமுதல் அவள் தலையைக் கண்டால் தாணு நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். தேய்ந்த முழங்காலோடு அவர் எழுந்து, நாற்காலியின் கால் சிமெண்டில் உரசுகிற அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள்.

வீடியோ வந்தது. பதினெட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கம்பெனி தன் பக்கத்திலும் அதைப் போட்டது. குக்கர்காரர்கள் மெயில் அனுப்பினார்கள், தேங்காயெண்ணெய்க்காரர்கள் கேட்டார்கள். இத்தனை நாள் அவள் கூப்பிட்டவர்கள் எல்லாம் இப்போது அவளைக் கூப்பிட்டார்கள். ஆட்கள் நம்புகிறார்கள், சேச்சி, அதைத்தான் கம்பெனிக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று அகிலேஷ் மகிழ்ந்தான். வீடியோவின் ஒரு மூலையில், ஜன்னலுக்கு வெளியே, கசவுப் புடவையின் கரை கொஞ்சம் தெரிந்தது. அந்த வேலைக்கார அம்மாவுக்கும் ஒரு வாய் கொடுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு எழுநூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். கம்பெனிப் பக்கத்தில் அவளை வேலைக்காரி என்றே எழுதியிருந்தார்கள் போல.

ஷீஜா அதைப் பார்த்தாள். கடையிலிருந்து வந்து பஸ் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ஜிஜாவின் கேட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அக்கா, நான் சண்டை பிடிக்க வரேல்ல," என்றாள். போன் திரை அவள் விரலுக்குக் கீழே ஒளிர்ந்துகொண்டிருந்தது. "எங்க அம்மைக்கு ஒரு பேரு உண்டு. விஜயம்மா. இத எழுதின ஆளுக்குப் பதிலாட்டு அது மட்டும் எழுதினா மதி. வீடு ஆருக்க வீடுண்ணு கூட எழுதாண்டாம்."

ஜிஜா அப்போதே எழுதுகிறேன் என்றாள். எழுதவும் செய்தாள். அவர் பெயர் விஜயம்மா. அதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு மாமி, இந்த அடுக்களை அவருடையது. அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அகிலேஷைக் கூப்பிட்டாள். அவன் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, ஒப்பந்தத்தில் நாலாம் பக்கத்தைப் பார்த்தீர்களா சேச்சி என்றான். கம்பெனிக்கு அவப்பெயர் வருகிற மாதிரி எதுவும் சொல்லக் கூடாது. ஒரு தடவை ஏமாற்றினார் என்று பேர் வந்தால் அப்புறம் ஒருவரும் அண்ட மாட்டார்கள். ஜிஜா எழுதியதை எழுத்தெழுத்தாக அழித்தாள். கடைசியில் 'விஜயம்மா' மட்டும் மிச்சம் இருந்தது. அதை மட்டுமாவது அனுப்பியிருக்கலாம். பெயர் தெரிந்தால் தேடுவார்களே என்று தோன்றியது, அதையும் அழித்தாள். ஷீஜா அதன்பின் போன் பிடிக்க வரவில்லை. போனை மாட்டி நிறுத்த ஜிஜா முக்காலி ஒன்று வாங்கினாள்.

மழைக்காலம் வந்தது. டைல்ஸ் பெட்டிகளின் மேல் தாணு தார்ப்பாய் போட்டுக் கல் வைத்தார். அட்டை நனைந்து பிளந்தது. ஓணத்துக்கு முன்பே கம்பெனி இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டியது. இதை எப்படிச் சொல்வது என்று ஜிஜா ஒரு வாரம் உருப்போட்டாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஓணம் கழிந்து கனகதாஸ் வந்து நின்றபோது, இப்பம் வேண்டாம் மேஸ்திரி, பெறவு பாக்கலாம் என்று விஜயம்மாவே சொல்லி அனுப்புவதை வேலிக்கு இப்பால் நின்று கேட்டாள். கேட்டபின், வேலியருகே வந்ததற்குக் காரணமாக, தேவையில்லாமல் நாலு கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டு திரும்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல், மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த நல்லமிளகைக் கூட்டிக்கொண்டிருந்தாள் ஜிஜா. நிஜின் டூட்டிக்குப் போயிருந்தான். கீழே ஒரு வெள்ளைக் கார் வந்து, மெதுவாக ஊர்ந்து, விஜயம்மாவின் விளைக்கு முன்னால் நின்றது. கணவன், மனைவி, மனைவியின் தங்கை போல ஒருத்தி. கொல்லம் பக்கப் பேச்சு. முற்றத்தில் மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்த விஜயம்மாவிடம், ஜிஜா சேச்சியின் வீடு இதுதானே என்று கேட்டார்கள். வீடியோவில் பார்த்த ஓட்டுக் கூரையையும் தென்னையையும் அடையாளம் வைத்து, வழியெல்லாம் விசாரித்து வந்திருந்தார்கள்.

ஜிஜா சட்டென்று கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்திவிட்டாள். மிளகு மணிகள் முழங்காலுக்கடியில் குத்தின.

"ஓ, இதுதான்," என்றாள் விஜயம்மா. குரல் கணீரென்று மேலே வந்தது.

அடுக்களையைப் பார்க்கலாமா என்றார்கள். கூட்டிக்கொண்டு போனாள். இது அடுப்பு, இது அம்மி, ஜிஜா இங்கே இருந்துதான் அரைப்பாள் என்று காட்டுகிற சத்தம் கேட்டது. தங்கை படம் எடுத்தாள். நீங்கள் அந்த வேலைக்காரச் சேச்சிதானே, வீடியோவில் புடவை மட்டும் தெரிந்ததே என்று சிரித்தாள். அதே, அதே என்று விஜயம்மாவும் சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பை முறித்தது. ஜிஜா சேச்சி எங்கே?

முற்றத்துக்கு வந்த விஜயம்மா மேலே பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை வழியே ஜிஜாவின் கண் அவள் கண்ணில் பட்டது. ஒரு நொடிதான். விஜயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆராதனைக்குப் பள்ளிக்குப் போயிருக்கு. வர நேரமாவும்."

தன் சொந்த வீட்டு முற்றத்தில், மண் அப்பிய கையோடு, அவள் இன்னொருத்தியின் பொய்யை அவ்வளவு பத்திரமாகத் தாங்கிக்கொண்டு நின்றாள். ஜிஜாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. குந்தியிருக்கிற தன் உருவத்தை யாரோ மேலேயிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. சபைக்குக் கட்டிப்போன வெள்ளைப் புடவை, பின்னால் தூசி, திருடியைப் போல. எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை. படியிறங்கி, கேட்டைத் திறந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சேற்றை மிதித்துக்கொண்டு அந்த முற்றத்துக்கு வந்தாள்.

தங்கை கூவினாள். போன் அவள் பக்கம் திரும்பியது. விஜயம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கப் பார்த்தாள். ஜிஜா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது எனக்க வீடு இல்ல," என்றாள். அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று மலையாளத்திலும் சொன்னாள். "இது இவங்களுக்க வீடு. இவங்களுக்க அடுப்பு. இவங்க எங்க வீட்டுல வேலைக்கு நிக்கேல்ல. பேரு விஜயம்மா."

அந்த மனைவி நெஞ்சில் கைவைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கண்டோ," என்று கணவனிடம் சொன்னாள், "வேலைக்கு நிற்கிறவரைச் சொந்த வீட்டுக்காரியாக நினைக்கிற மனசு. எந்தொரு எளிம!"

"அய்யோ, அப்படி இல்ல," என்றாள் ஜிஜா. "நான் கள்ளம் சொன்னதாக்கும். எனக்க வீடு அதாக்கும், அந்தக் கான்கிரீட்டு." கையை நீட்டிக் காட்டினாள். அவர்கள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, நல்ல தமாஷைக் கேட்டதுபோலச் சிரித்தார்கள். உள்ளே நாற்காலி உரசியது. தாணு கதவைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றார்.

"மாமி, நீங்க சொல்லுங்க," என்றாள் ஜிஜா. "உங்க வாயால சொல்லுங்க."

விஜயம்மா போனைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். பாதி உரித்த மரச்சீனி ஒன்று அவள் காலடியில், மண்தோல் சுருண்டு, உள்ளே வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஜிஜாவின் பிடிக்குள் மணிக்கட்டு ஈரமாக, எலும்பாக இருந்தது. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலிருந்து தாணுவும், முற்றத்தில் அவர்களும், விஜயம்மா வாயைத் திறப்பதற்காகக் காத்து நின்றார்கள். அவளுக்கு இருமல் வந்தது. ஜிஜா கையை விடாமல் நின்றாள்.